ஆடாத எழுத்து

ஜெர்லினுக்குப் படிக்கும்போது எழுத்துகள் ஆடாமல் நிற்பதற்காகப் பல்கலைக்கழகம் ஒரு கண்ணாடி கொடுத்திருந்தது. விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்தவளிடம் அதை வாங்கி, டயர் கடை வைத்திருக்கும் அவள் அப்பா சேவியர் விளையாட்டாக மாட்டிக்கொண்டார். மேசையில் கிடந்த செய்தித்தாளில் அகழாய்வு பற்றிய ஒரு பத்தி முழுவதையும் வாழ்க்கையில் முதல்முறையாகத் திக்காமல், சத்தமாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மகளிடம் நீட்டிக் கேட்டார்.

“இது இல்லாட்டி உனக்கும் எழுத்து ஆடுமா பாப்பா?”

“ஆமாப்பா.”

“ஏழாங்கிளாஸ்ல வாத்தியார் என்னைய மக்குன்னாரு. நானும் அதையே நம்பி, பன்னெண்டாவதோட படிப்ப நிறுத்திட்டேன்மா.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கண்ணாடியை அவரிடமே விட்டுவிட்டுக் கிளம்பிய ஜெர்லின், பல்கலைக்கழக அலுவலகத்தில் சேர்க்கைப் படிவம் ஒன்று கேட்டாள்.

“யாருக்கும்மா, தம்பிக்கா?”

“அப்பாவுக்கு சார். வரலாறு படிக்கணுமாம்.”