குருவிகுளம் டோக்கன்

டோக்கன் மெஷின் வந்த அன்றே குருவிகுளத்துக்காரர்கள் மத்தியானப் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

அதற்கு முன்னால் சங்கரன்கோவில் டாக்டர் செல்வமணியின் கிளினிக்கில் டோக்கனும் கிடையாது, மெஷினும் கிடையாது. நர்ஸ் யோகலட்சுமியின் தொண்டைதான்.

"குருவிகுளம் பஸ்ஸுக்குப் போறவங்க முன்னால வாங்க! உள்ளூர்க்காரங்க உட்காருங்க, உங்க வீடு எங்கயும் ஓடிறாது!"

தரச் சோதனைக்கு வந்த ஷிரின் பானு மேடம் எல்லாவற்றையும் பார்த்தார். ஊசிக் குப்பைக்குத் தனி வாளி, சரி. மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ், சரி. தீயணைப்பு சிலிண்டர், அதுவும் சரி. இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

"இது கிளினிக்கா, பஸ் ஸ்டாண்டா? முதல்ல வந்தவங்களுக்கு முதல் டோக்கன். மெஷின் வாங்கி வாசல்ல வைங்க. அப்புறம்தான் சான்றிதழ்."

வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் நம்பர் வந்தது. விடிந்ததும் விடியாததுமாக உள்ளூர்க்காரர்கள் வந்து அழுத்தினார்கள். பால் வாங்க வந்தவர்கூடச் சும்மா ஒன்று அழுத்திவிட்டுப் போனார். பத்து மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களுக்கு வால் நம்பர்தான்.

கிளினிக்குக்கு எதிரேதான் ஸ்டாப். மத்தியானம் யோகலட்சுமி குறுக்கே ஓடினாள்.

"அண்ணாச்சி, கோமதித்தாய் அத்தை உள்ள இருக்காவ. மூட்டு வலி. ஒரு அஞ்சு நிமிஷம்..."

கண்டக்டர் சுடலைராஜ் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, இது பஸ்ஸா, உங்க மாமனார் வில்வண்டியா? அரை நிமிஷம் நிக்காது."

ஊதிவிட்டார்.

"இரக்கங்கெட்ட மனுசன்" என்று பஸ் மறைகிறவரை திட்டினாள்.

கொஞ்ச நாளில் வேறொரு கூத்து. காலையில் முதலில் வந்து அழுத்துகிறவருக்கே பதிமூன்றாம் நம்பர் வந்தது. முதல் பன்னிரண்டையும் காணோம். பத்து மணிக்குப் பார்த்தால் அவை குருவிகுளத்துக்காரர்கள் கையில் இருந்தன. யோகலட்சுமி கேட்டால் சிரித்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தெரு செல்லப்பா நேரே மேடத்துக்கே போன் போட்டார். மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"இந்த நர்சம்மா குருவிகுளத்துப் பிள்ளை. முந்தின நாளே எடுத்து ஒளிச்சு வச்சு ஊர்க்காரங்களுக்குக் குடுக்கு" என்றார் செல்லப்பா. "நான் அஞ்சரைக்கே வந்து நிக்கேன். எனக்குப் பதிமூணு!"

"உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல. நடக்க வாரேன்லா, அப்படியே பிரஷர் பாத்துட்டுப் போவேன்."

யோகலட்சுமிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. "எங்க அம்மா சத்தியமா நான் எடுக்கல மேடம்."

"யார் எடுத்தாங்கன்னு எனக்கு இப்ப தெரியணும். இல்லன்னா சான்றிதழ் கிடையாது. இவங்களையும் வேலையில வச்சிருக்கக் கூடாது."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவ போனா நானும் போறேன்."

அதோடு சரி. டாக்டர் பேசுவதே அவ்வளவுதான்.

எதிரே பத்து மணி பஸ் வந்து நின்றது. குருவிகுளத்துப் பெரியவர் பெருமாள்சாமி இருமிக்கொண்டே முதல் ஆளாக வந்தார். கையில் ஒன்றாம் நம்பர். பின்னால் கோமதித்தாய், காலைத் தாங்கித் தாங்கி. இரண்டாம் நம்பர்.

மேடம் மறித்தார். "பெரியவரே, இந்த டோக்கனை யார் குடுத்தா? நர்சா?"

"இவளா? ஊசியத் தவிர இவ என்னத்தக் குடுத்தா!"

"அப்ப யாரு?"

பெருமாள்சாமி கோமதித்தாயைப் பார்த்தார். கோமதித்தாய் மின்விசிறியைப் பார்த்தாள்.

"சொல்லலன்னா இவங்களுக்கு வேலை போயிரும்."

பெருமாள்சாமிக்கு இருமலே நின்றுவிட்டது.

"வெளிய சொன்னா பாதி வழியில இறக்கி விட்டுருவேன்னு சொல்லிருக்காரு தாயி. ஊர்ல பஸ் ஏறுனதும் ஒரு அதட்டு. 'டாக்டர்ட்டப் போற சீக்காளி எவம்லே, கையத் தூக்கு'ன்னு. டிக்கெட்டோட சேத்து இதையும் மடிச்சு நீட்டுவாரு."

கோமதித்தாய்க்கும் துணிச்சல் வந்துவிட்டது. "விடியமுந்தி முதல் வண்டி இந்த வழியாத்தான எங்க ஊருக்கு வருது? இங்கன நிப்பாட்டி, இறங்கிவந்து அழுத்திட்டுத்தான் வாராராம். மிச்சம் இருந்தா உள்ளூர்க்காரங்கள்ட்டக் குடுத்திருன்னு எங்கிட்டத் தருவாரு."

"நிப்பாட்டியா? பஸ்ஸையா?" யோகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடம் வாசலில் இருந்த மெஷினைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"முதல்ல வந்து அழுத்துனவங்களுக்கு முதல் டோக்கன். நான் சொன்னபடிதான் நடந்திருக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அது எப்படி மேடம்? ஒரே ஆளு பன்னெண்டு..." என்று எகிறினார் செல்லப்பா.

"அப்ப நீங்க அவருக்கு முந்தி வாங்க."

எதிரே விசில் சத்தம் காதைக் கிழித்தது.

"ஏ நர்சம்மா! என் ஆளுக அத்தனை பேரும் மத்தியானம் ஸ்டாப்புல நிக்கணும். அரை நிமிஷம் நிக்காது, சொல்லிட்டேன்!"

படியில் தொங்கிக்கொண்டு கத்தியது, கண்டக்டர் சுடலைராஜ்.