பந்து இன்னும் விழவில்லை

பந்து தரையைத் தொடும் முன்பே "அவுட்" என்று அறிவித்துவிடும் கருவி வந்தபின், டென்னிஸ் ஆட்டக்காரர்கள் பாதி ஓட்டத்திலேயே நின்றுவிடப் பழகியிருந்தார்கள். பல வருடம் ஆடிவிட்டு நடுவரான மெர்லினுக்கு ஸ்கோர் சொல்வது மட்டுமே வேலை.

சென்னையில் இறுதிப் போட்டி. ஆஃப்ரின் தூக்கி அடித்த பந்து உச்சியில் இருக்கும்போதே கருவி "அவுட்" என்றது. ஆஃப்ரின் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினாள். எதிரே கோதையும் மட்டையைத் தாழ்த்தினாள். அந்த நொடியில் கடற்காற்று சுழன்றடித்தது. பந்து வளைந்து உள்ளே இறங்குவதைப் பார்த்த மெர்லின், உயரமான நாற்காலியில் எழுந்து நின்று, தன்னை மறந்து கத்தினாள்.

"ஓடு!"

கோதை பாய்ந்தாள். கோட்டில் விழுந்து எழும்பிய பந்தைத் திருப்பி அடித்தாள். அது முதுகைக் காட்டி நின்ற ஆஃப்ரினைத் தாண்டிக் கோட்டுக்குள் விழுந்தது. அரங்கமே எழுந்து நின்றது.

"பந்து உள்ளே. பாயிண்ட் கோதைக்கு" என்றாள் மெர்லின். ஒரு நடுவர் கருவியின் தீர்ப்பை மாற்றியது அதுவே முதல் முறை.

ஆஃப்ரின் கொதித்துக்கொண்டு வந்தாள். "அவளை ஓடச் சொல்றீங்க! நீங்க நடுவரா, அவளோட கோச்சா?"

"உனக்கும் சேர்த்துத்தாம்மா கத்தினேன். நீதான் திரும்பியே பாக்கல."

அடுத்த பந்துக்கும் கருவி "அவுட்" என்றது. இருவருமே ஓடினார்கள்.