யார் போட்ட கியர்?

“இந்த வண்டியில யாரும் கை வெச்சதில்லன்னு நிச்சயமாச் சொல்றீங்களா சார்?” வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் கேட்டார்.

“ஷோரூம்ல எடுத்ததிலிருந்து என் வீட்டு வாசல்லதான் நிக்குது. நான் கப்பல் வேலைக்குக் கிளம்பினா கவர் போட்டு மூடிட்டுப் போறவன். ஒரு ஸ்குரூவைக்கூட எவனும் தொட்டதில்ல.”

மெக்கானிக் பின் அச்சின் நடுவில் பானை மாதிரி புடைத்திருக்கும் கியர்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மூடியைச் சுற்றிச் சாம்பல் நிறப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. கம்பெனியில் இப்படி அப்ப மாட்டார்கள். யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

வந்தது என்னவோ சாதாரண வேலைதான். கரடுமுரடான பாதைக்கென்றே செய்த முரட்டு வண்டி. அதற்கு இன்னும் பெரிய டயராகப் போட வேண்டுமாம். “பார்க்க எடுப்பா இருக்கும்னு இவளுக்கு ஆசை,” என்று மனைவியைக் காட்டிச் சிரித்தார் கப்பல்காரர். “இவளுக்கு இண்டிகேட்டர் எது, வைப்பர் எதுன்னு தெரியாது. டயர் மட்டும் பெருசா வேணுமாம்!”

“டயர் பெருசானா வண்டி திணறும் சார். அதுக்கேத்த மாதிரி கியரையும் மாத்தணும். இப்ப உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்,” என்று ஜாக்கியை எடுத்தார் மெக்கானிக். வண்டியிலிருந்து இறங்கிய அந்த அம்மா, கீழே கிடந்த மரக்கட்டையைக் காலால் முன் டயருக்கு அடியில் தள்ளிவிட்டு நிழலில் போய் நின்றார்.

அப்புறம்தான் அந்தப் பசை மெக்கானிக் கண்ணில் பட்டது.

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பின்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். “ரெண்டு சுத்து மெதுவாச் சுத்துங்க சார்,” என்று கப்பல்காரரிடம் சொல்லிவிட்டு, அடியில் ஓடும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணினார். கம்பெனி கியராக இருந்தால் நாலுகூட வராது. இது ஐந்தைத் தொட்டது.

மெக்கானிக்குக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் இதே பட்டறை வாசலில் நின்ற வண்டி ஒன்று காணாமல் போனது. இதே மாடல், இதே நிறம். அதற்கு மலை ஏறுகிற கியரைப் போட்டவர் அவரேதான். அதுவும் இதே ஐந்து. பறிகொடுத்தவர் இன்னும் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

எழுந்து, கையைத் துடைத்தபடியே போய்க் கேட்டைச் சாத்தினார்.

“வண்டிப் பேப்பரைக் கொஞ்சம் காட்டுங்க சார்.”

“டயர் மாத்தறதுக்கு எதுக்குய்யா பேப்பர்? வீட்டு பீரோவுல இருக்கு.”

“உள்ள இருக்கிறது கம்பெனி கியர் இல்ல. மலை ஏறி இறங்கறவங்க தேடிப் போடற கியர். நீங்க யாருமே தொடலங்கறீங்க. எங்கயோ இடிக்குதே.”

“என்னைத் திருடன்கிறியா?”

“நான் ஒண்ணும் சொல்லல சார். போலீஸ் வந்து சொல்லட்டும்.”

கப்பல்காரருக்கு முகம் சிவந்தது. எகிறப் போனவர் சட்டென்று நின்றார். லீவில் வந்த நாளிலிருந்தே வண்டி சரியில்லைதான். நல்ல ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடிப்பதற்குள் என்ஜின் கத்து கத்தென்று கத்துகிறது. அப்படியென்றால் உண்மையிலேயே யாரோ...

“என் தம்பி!” என்று பல்லைக் கடித்தார். “சாவி எங்க தொங்குதுன்னு அவனுக்குத்தான் தெரியும். நான் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து எவனுக்கோ வாடகைக்கு விட்டிருக்கான். இன்னிக்கு அவனை உண்டு இல்லன்னு பண்றேன் பாரு!”

தம்பியைக் கூப்பிட அவர் போனை எடுத்தார். போலீஸைக் கூப்பிட மெக்கானிக்கும் போனை எடுத்தார். ஒருவர் இன்னொருவரை நம்பாமல் முறைத்துக்கொண்டார்கள்.

“ரெண்டு பேரும் போனைக் கீழ வைங்க,” என்று நிழலிலிருந்து குரல் வந்தது.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து வண்டிப் பேப்பரை எடுத்து நீட்டினார். மெக்கானிக் குனிந்து, அழுக்கைத் தேய்த்து, சேஸிஸ் நம்பரை ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. இது அந்த வண்டி இல்லை.

“மன்னிச்சுக்குங்க சார்,” என்றார்.

கப்பல்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. “பேப்பர் உன்கிட்ட எப்படி வந்துச்சு?” என்றார் மனைவியிடம்.

“செக்போஸ்ட்ல கேக்கறாங்களே.”

“எந்தச் செக்போஸ்ட்ல?”

“மலையடிவாரத்துல. மழையில பாதை அரிச்சுப் போனதிலிருந்து மேல் ஊருக்கு பஸ் போறதில்ல. நர்ஸம்மா மருந்துப் பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு நடந்தே ஏறுனாங்க. நம்ம வண்டி இங்க கவர் போட்டுக்கிட்டுச் சும்மாத்தானே நின்னுச்சு?”

போனில் தம்பி, “சொல்லுண்ணே... அண்ணே, கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தான். கப்பல்காரர் அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அந்த அம்மா மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

“முன்னாடி, பின்னாடி ரெண்டுலயும் அந்தக் கியரைப் போட்டாச்சு. நீங்க டயரை மட்டும் மாத்துங்கண்ணே.”