உள்பக்கம் தேய்ந்த டயர்

மோதிய காருக்குப் புது பம்பர் வந்தது, புது பெயின்ட் வந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கை மட்டும் அடியில் வளைந்தே இருந்தது.

"காட்டிக்கொடுத்துடாதே தங்கச்சி," என்று அது முன் டயரிடம் கெஞ்சியது. "தெரிஞ்சா என்னைக் கழற்றிக் காயலான் கடையில போட்டுடுவாங்க. நீ கொஞ்சம் சாய்ஞ்சு ஓடு, போதும்."

டயர் பாவப்பட்டுச் சாய்ந்தே ஓடியது. மெக்கானிக் ஸ்டீயரிங்கை மட்டும் திருகி நேராக்கிவிட்டு, "அம்சமா போகுது சார்!" என்றான்.

யாரும் குனிந்து பார்க்காத உள்பக்கத்தில் டயர் தேய்ந்து தேய்ந்து கம்பி தெரிந்தது.

"இனிமே முடியாதுண்ணே. சொல்லிடப் போறேன்."

"சொல்லேன். யார் காதுல விழப்போகுது?"

டயர் ஓடும்போதெல்லாம் கத்தியது. உள்ளே பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

ஒருநாள் காலை பின்சீட்டில் குழந்தை நாற்காலி ஒன்றைப் புதிதாகக் கட்டினார்கள். அது ஆசையாகக் கேட்டது:

"டயர் அக்கா, பாப்பா என் மேலதான் உட்காரப்போகுது. ரொம்ப தூரமாம், மலைப் பாதையாம். கீழே எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

டயர் வாயைத் திறப்பதற்குள் பாப்பாவுக்கு பெல்ட் மாட்டிய சத்தம் கேட்டது.

வண்டி நேராகத்தான் கிளம்பியது.