அலுங்காமல் குலுங்காமல்

மூன்று வருடமாகக் கழுவித் துடைத்த காருக்குள் கணபதி இன்றுதான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தார். முன் இருக்கையில், முதலாளிக்குப் பக்கத்தில். மடியில் ஒரு துணிப்பை இருந்தது.

வீட்டு வேனை ஓட்டுவதுதான் அவருடைய வேலை. இந்த இரண்டு கதவுக் காரை முதலாளி பிரவீணன் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து இறக்கியிருந்தான். அதன் சாவியை மனைவியிடம்கூடக் கொடுக்கமாட்டான்.

விடியும் முன்பே கொழும்பைவிட்டுப் புறப்பட்டிருந்தார்கள். இப்போது இரத்தினபுரியைத் தாண்டியிருந்தார்கள்.

"அண்ணை, வசதியா இருக்கோ?" என்று பிரவீணன் கேட்டான். பதினோரு வருடமாகக் "கணபதி" என்று கூப்பிட்டவன் இரண்டு நாளாகத்தான் "அண்ணை" என்கிறான்.

"இருக்குங்க சார்."

"காலை நல்லா நீட்டுங்கோ. சீட் பின்னுக்குச் சரியும். முதுகையும் பிடிச்சுவிடும்."

கணபதி அசையவில்லை. பிரவீணனே திரையில் எதையோ தொட்டான். இருக்கை மெல்லச் சரிந்தது. இருக்கைத் தோலுக்கு அடியிலிருந்து யாரோ முழங்கையால் அழுத்துவதுபோல முதுகை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு போனது. கணபதிக்கு அது வேறு யாருடைய முதுகோபோல இருந்தது. நேற்றுக் காலை சொந்த ஊரான ஸ்பிரிங்வெளியிலிருந்து செய்தி வந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

மலை ஏற்றம் தொடங்கியது. பஸ்கள் முக்கி முனகி ஏறிய வளைவுகளில் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் தார் பெயர்ந்த குழி ஒன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. பக்கத்துக் கோப்பைத் தாங்கியில் வைத்திருந்த தேநீர் தளும்பவில்லை.

"குழிக்குள்ள விழுந்தது தெரிஞ்சதோ?"

"இல்லைங்க."

"அதுதான் இந்தக் கார். தூரப் பயணத்துக்கெண்டே செய்தது. எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் உடம்பு நோகாது. உள்ளுக்கு இருந்தா வெளியில என்ன நடக்குதெண்டே..."

பிரவீணன் பாதியில் நிறுத்திவிட்டான். அதன்பிறகு கொஞ்ச நேரம் வைப்பரைப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தான். மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அப்புத்தளையில் பனிமூட்டம் சாலையில் இறங்கியிருந்தது. பிரவீணன் இருக்கையைச் சூடாக்கினான். ஒரு கடையோரம் நிறுத்தி, "ரொட்டி ஏதும் வாங்கட்டோ? காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லையே நீங்கள்" என்றான்.

"வேணாங்க. பசிக்கல."

பண்டாரவளையைத் தாண்டும்போது கணபதியின் ஃபோன் அடித்தது. தங்கச்சி பாக்கியலெட்சுமி. அவள் இன்னும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில்தான் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள்.

"அண்ணே, எங்க வந்துகிட்டு இருக்கீங்க? நல்லம்மா அக்காவ மூணு மணிக்கு எடுக்கப் போறாங்க."

"பண்டாரவளை தாண்டிட்டேன்."

"நேரா லயத்துக்கு வந்துருங்க. தூக்கறதுக்கு ஆம்பளைங்க பத்தல, பாதிப் பேரு கொழும்புல. அது பிள்ளைங்க ரெண்டும் அழுவக்கூட மாட்டேங்குதுங்க, சும்மா குந்திக்கிட்டு இருக்குதுங்க. நம்ம அம்மா செத்தப்போ நமக்கு மூணு நாளு சோறாக்கிப் போட்டது அந்த அக்காதானே?"

"ஆமா."

"வந்துருவீங்கல்ல?"

"பதுள டவுன்ல ஒரு வேல இருக்கு பாக்கியம். அத முடிச்சிட்டு..." என்றார். ஃபோனைப் பைக்குள் போட்டார். பையில் இரண்டு சாரமும் ஒரு துவாயும் பல் விளக்கும் பிரஷும் இருந்தன. எத்தனை நாளாகும் என்று தெரியாமல் மனைவி ஜெயலெட்சுமி எடுத்துவைத்தவை.

சத்தமில்லாத காருக்குள் பாக்கியலெட்சுமி பேசியது முழுவதும் கேட்டிருந்தது. பிரவீணன் எதிரே பார்த்தபடியே கேட்டான். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

"பக்கத்துக் காம்பராங்க. ஒரே லயம். என்னையவிட ரெண்டு வயசு மூத்தவங்க."

காரின் வேகம் குறைந்தது. தெமோதரை வந்தபோது பிரவீணன் சொன்னான்.

"விதுஷாவின்ர படிப்பைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ அண்ணை. பிள்ளை டொக்டரா வாற வரைக்கும் அது என்ர பொறுப்பு."

மகள் பெயரைக் கேட்டால் எப்போதும் கணபதியின் முகத்தில் ஒரு மாற்றம் வரும். இன்று வரவில்லை. "சரிங்க சார்" என்றார்.

பதுளைக்குள் நுழையும்போது மழை தூறியது. ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் கார் திரும்பவில்லை. நேராகப் போய்ப் பொலிஸ் நிலைய வாசலில் நின்றது. பிரவீணன் சுற்றி வந்து கணபதியின் பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே சப்-இன்ஸ்பெக்டர் பாறூக் ஜன்னல் வழியாகக் காரின் இலக்கத்தகட்டைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இதே வண்டிதான். ஞாயித்துக்கிழம காலையில நல்லம்மாங்கிற பொம்பளய இடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கு. கடைக் கெமராவுல நம்பர் தெளிவா விழுந்திருக்கு, ஆள் முகந்தான் விழல்ல" என்றவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு ஓட்டினது?"

பிரவீணன் தரையைப் பார்த்தான். கணபதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க சார்."