எட்டாவது பாட்டில் ஒரு சொல்

“யார்டா இவ?”

வெர்டெல் ஹார்க்ரோவ் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக இயந்திரத்தை நோக்கிச் சென்று, ஓடிக்கொண்டிருந்த ஒலிநாடாவை நிறுத்தினாள். ஸ்டூடியோவின் கண்ணாடிச் சுவரில் அவளுடைய புதிய ஆல்பத்தின் அட்டை ஒட்டப்பட்டிருந்தது. அதில் அவளுடைய பெயர் ஒரு சாண் உயரத்துக்குப் பொன்னிறத்தில் மின்னியது.

“என்னக்கா இது? உன் குரலே உனக்குத் தெரியலையா?” தயாரிப்பாளன் ஹோசியா சிரிக்க முயன்றான். “நீ நிதானமாப் பாடின. டிஸ்கோவுக்கு அது ஆகாதுன்னு நான் நாடாவை வேகமா ஓட்டியிருக்கேன். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. அதுக்குப் போயி கோவிச்சுக்கிறியே!”

டெட்ராய்ட் நகரில், எழுபத்தொன்பதாம் ஆண்டின் அந்த மார்ச் மாதத்தில், டிஸ்கோ பாடாத பாடகிக்கு வானொலியில் இடமில்லை. இருபது ஆண்டுகள் ‘சோல்’ எனப்படும் கறுப்பின மக்களின் உருக்கமான பாடல்களைப் பாடிப் பெயரெடுத்த வெர்டெலும் அதற்கு விலக்கல்ல. நண்பகலுக்குள் அவள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் இசைத்தட்டு வெளிவரும். மறுத்தால் கம்பெனி அவளைக் கைகழுவிவிடும்.

“மெதுவா ஓட்டு.”

ஹோசியா வேகத்தைக் குறைத்தான். கனத்த, கரகரத்த குரல் அறையை நிறைத்தது.

“கேட்டியா? அச்சு அசல் நீயேதான்!”

“எட்டாவது பாட்டைப் போடு. முடியிற இடம்.”

அந்த இடத்தில் முரசுகள் நின்றன, வயலின்கள் அடங்கின. குரல் மட்டும் தனியே எழுந்து, “ஆண்டவரே!” என்று வெடித்தது.

வெர்டெல் மேசையில் ஓங்கி அறைந்தாள். காப்பிக் கோப்பை கவிழ்ந்து ஹோசியாவின் வெள்ளைக் காற்சட்டையை நனைத்தது.

“மேடையேறின அன்னைக்கே எங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவ நான். சர்ச்ச விட்டு வெளியே வந்தா அந்த வார்த்தை என் வாயில வராது. அங்க ‘ஆண்டவரே’ன்னு பாடுற இடத்துல இங்க ‘அன்பே’ன்னுதான் பாடுவேன். இந்த ஊர் நாய்க்குக்கூட அது தெரியும். தாள்லயும் அப்படித்தானே எழுதியிருந்துச்சு? பொய் சொல்ற நாயே, அதையாவது உருப்படியாச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

ஹோசியாவின் முகம் தொங்கிவிட்டது.

“உன் குரல வேகமா ஓட்டினா அணில் கத்துற மாதிரி இருந்துச்சுக்கா. கோரஸ்ல நிக்கிற பொண்ணு ஒருத்தி, உன்ன மாதிரியே பாடுவா. அவள வெச்சு முடிச்சிட்டேன்.”

“எத்தனை பாட்டு?”

“எட்டும்.”

“எட்டுமா! அவளுக்குத் தெரியுமா, இது யார் பேர்ல வருதுன்னு?”

“முதல்ல தெரியாது. சும்மா மாதிரிக்குப் பாடுன்னுதான் சொன்னேன். அட்டையப் பாத்தப்புறம் அழுதா. இதெல்லாம் நம்ம தொழில்ல நடக்கிறதுதானக்கா? ஏன், பதினெட்டு வயசுல நீயும் எவளோ ஒருத்தி பேர்ல பாடினவதானே!”

வெர்டெலின் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு கணம் அவள் அவனை அடித்துவிடுவாள் போலிருந்தது.

“அவள இங்க வரச் சொல்லு. இப்பவே.”

இருபத்திரண்டு வயதான ஆர்லீத்தா கோட்டின் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, கைப்பையுடன் வந்து நின்றாள். தன்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றே அவள் முடிவு செய்திருந்தாள்.

“மன்னிச்சிடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடுற பழக்கம், வாய் தவறி வந்திடுச்சு. வேணும்னு செய்யல.”

“முனகாத. நிமிர்ந்து நில்லு.”

வெர்டெல் சுவரிலிருந்த அட்டையைப் பிய்த்து மேசையில் விரித்தாள். ஹோசியாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவித் தன் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள். இழுத்த வேகத்தில் அட்டை கிழிந்தது.

“ஐயோ, ஆல்பமே போச்சே! உனக்குப் பைத்தியமாக்கா? இனிமே எந்தக் கம்பெனி உன்ன வாசல்ல சேர்க்கும்?” ஹோசியா தலையில் அடித்துக்கொண்டான்.

ஆர்லீத்தா விம்மியபடியே கதவை நோக்கித் திரும்பினாள்.

“ஏய், எங்க போற?” வெர்டெலின் அதட்டலில் கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. “உன் பேர எழுத்துக் கூட்டிச் சொல்லிட்டுப் போ. அட்டையில தப்பா அச்சடிச்சிடப் போறானுங்க.”