பொம்மைத் துப்பாக்கி

"ஏம்மா ஓப்பல், இது ரைஃபிளா, விளையாட்டுப் பொம்மையா?"

எங்கள் கென்டக்கி சுடுகளத்தில் என் புது ரைஃபிளுக்கு வெர்லின் தந்த வரவேற்பு. இருநூறு டாலர், பொடிசான தோட்டா. அவருடையது பத்து மடங்கு விலை, தடித்த தோட்டா.

பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஆளுக்கு ஐந்து முறை சுட்டோம். நான் குறிவைத்த தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை.

வெர்லின் தன் தாளை ஊருக்கே காட்டினார். "நடுவுல பாருங்க, அஞ்சும் ஒரு காசுக்குள்ள அடங்கிடும்!"

"ஓரத்துலயும் அஞ்சு இருக்கேண்ணே?"

"அது உன்னுதும்மா! உன் பொம்மைக்கு எந்தத் தாள்னுகூடத் தெரியல."

"தாள் மாறிச் சுட்டுட்டேன் போல, மன்னிச்சுக்கங்க."

என் தோட்டாவை ஓர ஓட்டையில் விட்டுப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடியது. நடு ஓட்டையில் கச்சிதமாகப் பொருந்தியது.

"உங்க தோட்டா ஒண்ணு குடுங்கண்ணே."

வெர்லினுக்கு அவசரமாக வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.